கிளப்பில் நம்மோடு ஆடி மறைந்தவர்கள்: பட்டியலில் யார், என்ன எழுதுவது?

பென்சில்_ஸ்கோரர் (இழையைத் தொடங்கியவர்)

எங்க கிரிக்கெட் கிளப்புக்கு அடுத்த சீசனோட 40 வருஷம் ஆகுது. சின்னதா ஒரு மலர் போடப் போறாங்க. அதுல மறைந்த உறுப்பினர்களுக்கு ரெண்டு பக்கம். "22 வருஷம் ஸ்கோர் எழுதினவன் நீ, பழைய புக்கெல்லாம் உன் பரண்லதானே கிடக்கு"ன்னு வேலையை என் தலையில கட்டிட்டாங்க.

முதல் நாள் உட்கார்ந்தப்போ 9 பேர் ஞாபகத்துக்கு வந்தாங்க. ரெண்டு நாள்ல 14 ஆச்சு. இப்போ 19. ஒவ்வொரு பேரும் வரும்போது சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம், இவரை எப்படி விட்டேன்னு. முதல்ல வந்த 9 பேரும் யாருன்னு திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் ரன் அடிச்சவங்க, விக்கெட் எடுத்தவங்க. 17-வதா வந்தவர் பதினோரு வருஷம் ரோலர் இழுத்து, மேட் விரிச்சு ஆணி அடிச்சு, ஆள் குறைஞ்ச அன்னைக்கு மட்டும் கடைசியா இறங்கினவர். அவரோட பேட்டிங் சராசரி 2-க்குக் கீழதான் இருக்கும். ஆனா அவர் இல்லாம ஒரு மேட்சும் நேரத்துக்கு ஆரம்பிச்சதில்ல.

உங்க கிளப்புகள்ல இதை எப்படிச் செஞ்சீங்க? ஒரே ஒரு சீசன் ஆடினவரைச் சேர்க்கலாமா? கோவிச்சுக்கிட்டு வேற டீமுக்குப் போனவரை? பேருக்குப் பக்கத்துல என்ன எழுதறது?

ஒன்_டவுன்

அண்ணே, புக்ல ஒரு தடவை பேர் ஏறியிருந்தா பட்டியல்லயும் ஏறணும். ஒரு மேட்சா இருந்தாலும் சரி. வேற எந்த அளவுகோல் வச்சாலும் கமிட்டிக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னுதான் போய் முடியும். இதை நான் கண்ணால பார்த்தவன், விவரம் வேண்டாம்.

ரோலர்_பார்ட்டி

புக்ல பேரே ஏறாதவங்களை என்ன பண்றது ஒன் டவுன்? சப்ஸ்டிட்யூட்டா வந்து கேட்ச் பிடிச்சா "கேட்ச் சப்"னு எழுதிட்டு அடுத்த பந்துக்குப் போயிடுவாங்க. எங்க டீம்ல ஒருத்தர் கவர்ஸ்ல அப்படிப் பிடிச்ச கேட்சுகளை நான் நின்னு பார்த்திருக்கேன். புக்ல அவர் பேர் ஒரு இடத்துலகூட இல்ல. ரெண்டு இன்னிங்ஸும் அம்பயரா நின்னவர், கிட் பேக்கைச் சுமந்தவர், இவங்களும் அப்படித்தான்.

ஸ்கோரரும் அதே கதை. தப்பா நினைக்காதீங்க அண்ணே, நாளைக்கு நீங்களே போனாலும் உங்க புக்ல உங்க பேர் இருக்காது.

பென்சில்_ஸ்கோரர்

தப்பா நினைக்கல. பேர் இருக்காது, கையெழுத்து இருக்கும்.

எனக்கு முன்னாடி எழுதினவர் என் குரு மாதிரி. ரன்னே போகாத மெய்டன் ஓவர் விழுந்தா ஆறு புள்ளியையும் கோடு போட்டுச் சேர்த்து "எம்" ஆக்குவார். அதுலயே விக்கெட்டும் விழுந்து விக்கெட் மெய்டன்னா அதே புள்ளிகள் "டபிள்யூ" ஆகிடும். இது எல்லா ஸ்கோரரும் செய்யறதுதான். ஆனா அவரோட "எம்" மட்டும் வலது கால் நீண்டு கீழ் கட்டத்துக்குள்ள போயிருக்கும். ஒவ்வொரு பௌலருக்கும் ஒரு கலர் பேனா. பச்சை மை தீர்ந்துபோன ஒரு மேட்ச்ல பாதி ஸ்பெல் பச்சை, மீதி பென்சில். போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன், அரை மணி நேரம் மூட மனசு வரல. அவர் 19-ல ஒருத்தர். ஆடினது நாலே மேட்ச்.

பழைய_பந்து

ஸ்கோர் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆண்ட்ரூ டுகாட் என்று சர்ரே அணிக்கு ஆடியவர் ஒருவர். இங்கிலாந்துக்குக் கால்பந்தும் ஆடினார், கிரிக்கெட்டில் டெஸ்டும் ஆடினார். 1942 ஜூலை 23 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், போர்க்காலத்து ஹோம் கார்டு என்ற உள்ளூர்க் காவல் படையின் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் பேட்டிங் செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்தார். வயது 56. ஆட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. ஸ்கோர் அட்டையில் அவர் பெயருக்கு எதிரே 29 நாட் அவுட்.

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் விஷயம் பலருக்கும் நினைவிருக்கும். 2014 நவம்பர் 25, சிட்னி, ஷெஃபீல்டு ஷீல்டு என்ற அவர்கள் உள்நாட்டுத் தொடரின் ஆட்டம். பவுன்சர் கழுத்தில் பட்டு 27-ஆம் தேதி இறந்தார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 26 வயது. முதலில் அந்த இன்னிங்ஸ் "ரிட்டயர்ட் ஹர்ட் 63" என்றுதான் பதிவானது. பிறகு ஆஸ்திரேலிய வாரியம் அதை 63 நாட் அவுட் என்று மாற்றியது. விதிப்படி பார்த்தாலும் காயத்தால் வெளியேறியவர் நாட் அவுட்தான், ஆகவே சராசரியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதற்கு அவ்வளவு கனம்.

சில்லி_மிட்_ஆஃப்

ராமன் லாம்பாவையும் சொல்லணும் சார். இந்தியாவுக்கு 4 டெஸ்ட், 32 ஒருநாள் போட்டி ஆடினவர். 1998 பிப்ரவரியில டாக்காவுல அபாஹானி அணிக்காக ஒரு கிளப் மேட்ச். ஹெல்மெட் இல்லாம, பேட்ஸ்மேனுக்கு ரொம்பப் பக்கத்துல ஃபார்வர்ட் ஷார்ட் லெக்ல நின்னார், பந்து தலையில பட்டுது, மூணு நாள்ல போயிட்டார். 38 வயசு. சர்வதேச மேட்ச் இல்ல, கிளப் மேட்ச்தான் அது. அந்தச் செய்தி படிச்சதுல இருந்து ஷார்ட் லெக்ல ஹெல்மெட் இல்லாம நான் நின்னதில்ல, என் பேரே அது மாதிரி பேட்ஸ்மேன் பக்கத்துல நிக்கற இடம்ங்கறதால கேலி பண்ணாலும் பரவாயில்ல.

புது_கீப்பர்

நான் சேர்ந்து ரெண்டு சீசன்தான் ஆகுது, பெரியவங்க நடுவுல பேசறேன். மலர் மட்டும் போதுமா? முதல் மேட்ச் அன்னைக்குக் கையில கறுப்புப் பட்டை, ஒரு நிமிஷ மௌனம் வைக்கலாமே. ஹியூஸுக்கு 63 விநாடி கைதட்டினாங்க. அவரோட 64-ம் நம்பர் ஒருநாள் ஜெர்சியை வேற யாருக்கும் தர்றதில்லன்னு முடிவெடுத்தாங்க. நாமளும் நம்பரை ஒதுக்கி வைக்கலாம்.

ஒன்_டவுன்

தம்பி, மனசு நல்ல மனசு. ஆனா 19 பேர் நம்பரையும் ஒதுக்கினா நீ மூணு இலக்க ஜெர்சி போட்டுக்கிட்டுத்தான் கீப் பண்ணணும். அதுலயும் முதல் 25 வருஷம் எங்களுக்கு நம்பரே கிடையாது, வெள்ளைச் சட்டைதான்.

கறுப்புப் பட்டை சரி. சர்வதேச மேட்ச்னா அதுக்குக்கூட வாரியத்துக்கிட்டயும் ஐசிசிகிட்டயும் முன் அனுமதி வேணும். 2023 டிசம்பர்ல பெர்த் டெஸ்ட்ல கேட்காம கட்டினதுக்கு ஆஸ்திரேலியாவோட உஸ்மான் கவாஜா கண்டனம் வாங்கினார். நமக்கு அந்தத் தொல்லை இல்ல, எதிர் டீம் கேப்டன்கிட்டயும் அம்பயர்கிட்டயும் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிட்டாப் போதும். சொல்லாம விட்டுடாதீங்க. ஒரு தடவை நாங்க மௌனமா நிக்கறோம், எதிர் டீம் ஆட்கள் கேட்ச் பிராக்டீஸ் பண்ணிக்கிட்டிருந்தாங்க. அவங்க மேல தப்பில்ல, யாரும் சொல்லல.

லாங்_லெக்

நான் வேற மாதிரி சொல்லப்போறேன், கோவிச்சுக்காதீங்க. செத்தவங்களுக்குப் பக்கம் ஒதுக்கறீங்க. உசிரோட இருக்கிற பழைய ஆட்களைக் கடைசியா எப்போ போய்ப் பார்த்தீங்க? முழங்கால் போய் வீட்டோட இருக்கிறவங்க எத்தனை பேர்? குரூப்ல ஒருத்தர் போன செய்தி வந்தா ஒரே நிமிஷத்துல நாப்பது "ஆழ்ந்த இரங்கல்" வருது, எல்லாம் முன்னாடி போட்டவரோடதைப் பார்த்து அப்படியே போடறது. அதுல பாதிப் பேருக்கு யார் போனதுன்னே தெரியாது.

ரோலர்_பார்ட்டி

சொல்றது நியாயம்தான். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டியா என்ன? பட்டியல் சரியா வரணும்னா உசிரோட இருக்கிற பழைய ஆட்களைப் போய்ப் பார்த்துத்தானே ஆகணும்?

பென்சில்_ஸ்கோரர்

லாங் லெக் அண்ணே, நீங்க குத்தினது எனக்கு எவ்வளவு சரியா பட்டுதுன்னு நாளைக்குத் தெரியும். வரைவுப் பட்டியலைக் கிளப் குரூப்ல போட்டிருக்கேன்.

எட்டாவது_ஆள்

வணக்கம். ஸ்கோரர் போட்ட பட்டியல் மூணு கை மாறி எனக்கு வந்தது. அதுல 12-வது பேர் என்னோடது.

அவுட் கொடுத்துட்டீங்க. நான் ரிவ்யூ எடுக்கறேன்.

ஒன்_டவுன்

அடக் கடவுளே. அண்ணே நீங்களா!! நல்லா இருக்கீங்களா?

பென்சில்_ஸ்கோரர்

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்கறதுன்னே தெரியல. ஃபோன்ல பேசிட்டேன், இங்கயும் சொல்லணும். ஒரே முதலெழுத்து, ஒரே பேர், ரெண்டு பேர் எங்க டீம்ல இருந்தாங்க. போனவர் ஓப்பனிங் பௌலர். ரெண்டு பேர் சொன்னதால நம்பிட்டேன். அந்த ரெண்டு பேருக்கும் சொன்னது ஒரே ஆள்னு இப்பத்தான் தெரியுது.

எட்டாவது_ஆள்

விடுப்பா. என் பேருக்குப் பக்கத்துல "நம்பகமான கீழ்வரிசை பேட்ஸ்மேன்"னு எழுதியிருந்தே. உசிரோட இருந்த காலத்துல ஒருத்தனும் அப்படிச் சொன்னதில்ல, எப்பவும் பத்தாவதாத்தான் இறக்கிவிட்டீங்க. அந்த வரியை மட்டும் வெட்டாம வச்சுக்க, பின்னாடி உதவும்.

விளையாட்டு இல்லாம ஒண்ணு. அதே பட்டியல்ல 5-வது இருக்கிறவர் எப்படிப் போனார்னு ஒரு வரி போட்டிருக்கே. அதை எடுத்துடு. அவர் வீட்ல வேற மாதிரிச் சொல்றாங்க.

பழைய_பந்து

அதையே நானும் சொல்ல வந்தேன். இறப்புக் காரணம் எழுதுவதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது விஸ்டன் என்ற இங்கிலாந்து கிரிக்கெட் ஆண்டு மலர், போரில் இறந்தவர்களில் பள்ளி அணிக்கு மட்டும் ஆடியவர்களுக்குக்கூட இரங்கல் குறிப்பு போட்டது. 1916 மலரில் ரூபர்ட் புரூக்குக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. 1906-இல் ரக்பி என்ற ஊர்ப் பள்ளியின் கிரிக்கெட் அணிப் பந்துவீச்சுச் சராசரியில் முதலிடம், 19 விக்கெட், ஒவ்வொன்றும் 14.05 ரன்னுக்கு. அப்புறம் போகிற போக்கில், கவிஞராகவும் நல்ல பெயர் எடுத்தவர் என்று ஒரு வாக்கியம். உலகம் அவரைக் கவிஞராக மட்டுமே அறியும்! லெம்னாஸ் தீவில் வெயில் தாக்கி இறந்தார் என்றும் அதில் எழுதினார்கள். உண்மையில் அவர் ஸ்கைரோஸ் தீவுக்கு அருகே, கப்பலில், இரத்தத்தில் நச்சு பரவி இறந்தவர்.

பந்துவீச்சுக் கணக்கு தசமப் புள்ளிவரை இருக்கிறது, இறப்பு விவரம் தவறு. நம் கையில் இருப்பதும் அதேதான்: விக்கெட் கணக்கு. அதை மட்டும் எழுதுவோம்.

சில்லி_மிட்_ஆஃப்

வீட்டார் விரும்பினா காரணத்தையும் சொல்லலாம் சார், அது அவங்க முடிவு. இங்கிலாந்து பேட்ஸ்மேன் கிரஹாம் தோர்ப் 2024 ஆகஸ்ட்ல போனப்போ, மனச்சோர்வால தானே உயிரை விட்டார்னு அவர் மனைவியும் மகள்களும் வெளிப்படையாச் சொன்னாங்க. அடுத்த வருஷம் ஓவல் டெஸ்ட்ல ஒரு நாளை அவர் பேர்ல நடத்தி, அவரை மாதிரியே நெத்தியில பட்டை கட்டிக்கிட்டு மனநல அமைப்புக்கு நிதி சேர்த்தாங்க. வீட்டார் வாய் திறந்ததால அது நடந்தது. அவங்க திறக்காத இடத்துல கிளப் திறக்கக் கூடாது.

லாங்_லெக்

5-வது பேர் வரைக்கும் வந்துட்டதால சொல்லிடறேன். 11-வதா இருக்கிறவரும் நானும் ஆறு வருஷம் பேசிக்கல. ஒரு எல்பிடபிள்யூ. நான் அம்பயரா நின்னேன், சொந்த டீம் ஆளுக்கே அவுட் கொடுத்தேன். லீக்ல அந்த மேட்ச் தோத்தோம், அவர் அந்த வருஷமே வேற கிளப்புக்குப் போயிட்டார். "கோவிச்சுக்கிட்டுப் போனவரைச் சேர்க்கலாமா"ன்னு ஸ்கோரர் கேட்டது யாரைன்னு எனக்குப் புரிஞ்சது, அதான் அன்னைக்குக் கொஞ்சம் காரமா எழுதிட்டேன்.

சேருங்க. எங்ககிட்ட ஆடினது ஒன்பது சீசன், அங்க ஆடினது மூணு.

எல்பிடபிள்யூ அவுட்தான். அதுல மாத்தம் இல்ல.

பென்சில்_ஸ்கோரர்

சேர்த்தாச்சு அண்ணே. எல்பிடபிள்யூவும் புக்ல அப்படியே இருக்கு.

இதுவரைக்கும் பேசினதை வச்சு நான் எடுத்த முடிவு. ஒவ்வொருத்தருக்கும் பேர், எந்த சீசன்ல இருந்து எந்த சீசன் வரைக்கும், என்ன செஞ்சார், புக்ல இருந்து ஒரே ஒரு மேட்ச். அது அவரோட சிறந்த மேட்சா இருக்கணும்னு இல்ல. ரோலர் இழுத்தவருக்கு, மழை விட்டதும் 40 நிமிஷத்துல அவர் மைதானத்தை ஆட்டத்துக்குத் தயார் பண்ண அந்த மேட்ச். நான் ஓரத்துல குறிச்சு வச்சிருக்கேன். "நல்ல மனிதர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்" மாதிரி வரி ஒண்ணுகூடக் கிடையாது. அதை 19 தடவை எழுதினா 19 பேரும் ஒரே ஆள் ஆகிடுவாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டார் ஒருத்தர் படிச்சுப் பார்க்கணும்.

ரோலர்_பார்ட்டி

புக்கை எப்படிப் பிரதி எடுக்கறீங்க? எங்க கிளப்ல பழைய புக்கு பாதி செல்லரிச்சுப் போச்சு.

பென்சில்_ஸ்கோரர்

ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்துல ஃபோன்லதான். ஃப்ளாஷ் போடாதீங்க, பென்சில் எழுத்து பளபளன்னு அடிச்சு மறைஞ்சுடும். துருப்பிடிச்ச பின்னை முதல்ல மெதுவா எடுத்துடணும். டீம் ஃபோட்டோ இருந்தா முன்பக்கத்தோட பின்பக்கத்தையும் எடுங்க, பேர் அங்கதான் இருக்கும். பேர் இல்லாத ஃபோட்டோவை எட்டாவது ஆள் மாதிரி ஒருத்தர்கிட்ட காட்டி, இடமிருந்து வலமா சொல்லச் சொல்லி எழுதிடுங்க. பால் பாயின்ட்ல அழுத்தி எழுதினா முன்பக்கத்துல முகத்து மேல தடம் விழும், மெதுவான பென்சில் போதும்.

கடைசி_வரிசை

வணக்கம். நான் ஆடினவள் இல்லை. பட்டியலில் 14-ஆவதாக இருப்பவரின் மகள். சரிபார்க்கச் சொல்லி ஸ்கோரர் மாமா அனுப்பியிருந்தார், அப்படியே இந்த இழையையும் படித்தேன்.

ஒரு சந்தேகம். ஒரு லீக் மேட்ச்சில் 41 ரன் அடித்ததாக அப்பா அடிக்கடி சொல்வார். ரன் அவுட் ஆனேன், இல்லையென்றால் ஐம்பது அடித்திருப்பேன் என்பார். அந்த மேட்ச் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா மாமா? அவருக்கு அதையே போட முடியுமா?

பென்சில்_ஸ்கோரர்

தேடறேன்மா. ரெண்டு நாள் கொடு.

ஒன்_டவுன்

அண்ணே, அது எந்த மேட்ச்னு எனக்குத் தெரியும். தனியா ஃபோன் பண்றேன்.

பென்சில்_ஸ்கோரர்

கிடைச்சுதும்மா. சொல்றதா வேண்டாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். ஒன் டவுன் "41-னே போட்டுடுங்க, யாருக்கு நஷ்டம்"னு கெஞ்சினான். என் குருவோட கையெழுத்து இருக்கிற பக்கத்துல இல்லாத ரன்னை எழுத எனக்குக் கை வரல.

41 இல்ல, 14. ரன் அவுட்ங்கறது சரி. ஒன்பதாவதா இறங்கினார். ஒரு பவுண்டரி, மூணு ரெண்டு, நாலு சிங்கிள். அவர் இறங்கும்போது 7 விக்கெட்டுக்கு 88, ஜெயிக்க 27 வேணும். அவர் அவுட் ஆனப்போ 8 விக்கெட்டுக்கு 111. அடுத்த ஓவர்ல ஜெயிச்சோம்.

கடைசி_வரிசை

14-ஆ! 27 ரன்னை அவரே சேர்த்துக்கொண்டாரா? அம்மாவிடம் சொன்னேன், அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. 14 என்றே போடுங்கள் மாமா.

ஒன்_டவுன்

தங்கச்சி, புக்ல இல்லாத ஒண்ணை நான் சொல்லணும். அந்தப் பக்கத்துல விக்கெட் விழுந்த கட்டத்துல, அப்போ எதிர் முனையில நின்னவன் பேரும் இருக்கும். அது நான். ரன் அவுட்னு மட்டும்தான் புக்குல போடுவாங்க, யார் கூப்பிட்டதுன்னு போட மாட்டாங்க. ரன்னே இல்லாத இடத்துல "வாங்க"ன்னு கத்தினது நான். பாதிவரைக்கும் ஓடிட்டு நான் திரும்பிட்டேன், அவர் திரும்ப முடியல. எனக்கு அப்போ 19 வயசு. பெவிலியன்ல கேப்டன் யார் கூப்பிட்டதுன்னு கேட்டப்போ, உங்கப்பா பேடைக் கழட்டிக்கிட்டே "நான்தான்"னு சொன்னார்.

அதுக்கப்புறம் அவர் 41-னு சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்துல நின்னு ஆமாம்னு தலையாட்டியிருக்கேன்.

கடைசி_வரிசை

அண்ணா, இதையும் போடலாமா?

ஒன்_டவுன்

போடுங்க. என் பேரோடவே போடுங்க.

பென்சில்_ஸ்கோரர்

நாலாம் நம்பர் புக்கு, 37-ம் பக்கம். நாளைக்குக் காலையில வெளிச்சம் வந்ததும் படம் எடுத்து அனுப்பறேன்மா. அப்பா பேருக்கு எதிர்ல ஒரு சின்ன மைக் கறை இருக்கும், அது பச்சை மை.